முன்னூறு மரமும் இரண்டு மாத்திரையும்

சோம்பேறி என்று என்னை யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். அழகர்சாமி ரைட்டர் சொன்னால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். ஒரு ரப்பர் மரத்திலாவது பால் வெட்டக் கத்தி வைத்த கை இல்லை அது, குடையும் விசிலும் பிடித்த கை. 2011 ஆகஸ்டில் ஒரு மழை நாள், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

“செல்லம், சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு. ஒங்க வீட்டுக்காரர் முத்துவீரன்தான் ஒங்க மரத்தையும் சேத்து வெட்டுறார்னு மேல வரைக்கும் தெரிஞ்சு போச்சு. பொங்கலுக்குள்ள முன்னூறு மரத்தையும் நீங்களே வெட்டிக் காட்டணும். இல்லாட்டி தோட்டத்துப் பதிவுல இருந்து பேரை எடுத்துருவாங்க. பேரை எடுத்தா வீட்டையும் விடணும்.”

“ஒங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா ரைட்டரே?”

“நான் என்ன செய்ய? ஆர்டர்.” குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. கார் நிக்கோபாருக்கும் தெற்கே இருக்கிறது எங்கள் தீவு. எங்கள் அப்பாமார் சிலோன் தேயிலை மலையை விட்டுக் கப்பலேறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். சிலோனில் எங்களுக்கு இப்போது யாரும் இல்லை. மெயின்லேண்டில் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி மண் இல்லை. இருப்பது இந்த லயத்து வீடு ஒன்றுதான்.

விடியுமுன் கத்தியை எடுத்தால் ஒன்பது மணிக்குள் முன்னூறு மரத்தையும் வெட்டிவிடுகிறவள் நான். பந்தயம் கட்டி ஆம்பிளைகளைத் தோற்கடித்திருக்கிறேன். அந்தச் செல்லம்தான் இப்போது எண்பதாவது மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால் கண் இருட்டும். நிக்கோபார் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுத் திரிந்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருக்கும். புருவம் உதிர்ந்தது. குரல் கரகரத்தது. மகள் ஸ்வப்னா பிறந்த பிறகு எனக்குத் தீட்டே வரவில்லை.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: சுனாமி. எங்கள் தீவில் பசு சினை பிடிக்காவிட்டாலும் சுனாமி, பல் ஆடினாலும் சுனாமி. “அந்தப் பயம் ஒடம்புல எறங்கிருச்சு புள்ள” என்பார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

ஸ்வப்னா பிறந்தது அலை வந்ததற்கு மறுநாள், மேட்டுக் காட்டில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில். அன்றைக்கு எனக்கு எவ்வளவு ரத்தம் போயிற்று என்று யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. எப்படித் திறப்பேன்? எங்கள் லயத்தில் சாவு விழாத வீடு மூன்றோ நான்கோதான். அதில் ஒன்று எங்களுடையது. பக்கத்து வீட்டு ரெங்கம்மாவின் நாலு மாதப் பிள்ளையை அலை கொண்டுபோய்விட்டது. எனக்கோ ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. பால் கட்டிய வலியோடு கிடந்த ரெங்கம்மாதான் என் பிள்ளையை வாங்கிப் பசியாற்றினாள். அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ரத்தம் போச்சு, தலை சுத்துது என்று சொல்ல நாக்கு வருமா? ஆள் போகாத வீட்டுக்காரி அழக் கூடாது. யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்ட சட்டம் அது. ஏழு வருஷமாக அதைக் கட்டிக் காத்தேன்.

ரைட்டர் வந்துபோன அடுத்த கப்பலில் என் கொழுந்தன் சுரேந்திரன் வந்து இறங்கினான். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் குடியிருப்பவன். ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில், மெயின்லேண்டிலிருந்து வரும் சத்துப் பவுடர் டப்பாக்களை விற்கிறான். பேச ஆரம்பித்தால் கப்பல் சங்கு ஊதினாலும் நிறுத்த மாட்டான்.

“மதினி, ஒங்களுக்கு அட்ரினல் களைச்சுப் போச்சு. கிட்னிக்கு மேல ஒக்காந்திருக்கிற சுரப்பி. சுனாமி டென்ஷன்ல ஓவரா வேலை பாத்துருச்சு. இந்தப் பவுடரை ரெண்டு மாசம் குடிங்க. அப்புறம் பாருங்க, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!”

காலையில் பச்சைப் பவுடர், மாலையில் மஞ்சள் மாத்திரை. இரண்டு மாதத்தில் எனக்கு வந்ததெல்லாம் ஏப்பம்தான். எண்பதாவது மரம் எழுபதாவது மரம் ஆயிற்று.

அக்டோபரில் தீவுக்கு மெடிக்கல் கேம்ப் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ரொம்பக் கம்மி என்று, வெறும் வயிற்றில் போட மாத்திரை கொடுத்தார்கள். வேறு ஏதும் தொந்தரவு உண்டா, பிரசவமெல்லாம் எப்படி என்று கேட்டார்கள். நான் வழக்கம்போல, ஒரு குறையும் இல்லை என்று இந்தியில், “எல்லாம் டீக்” என்றேன். அந்த ஒரு வார்த்தை என்னைக் கொல்லப் பார்த்தது.

மாத்திரை போட்ட நாலாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பத்தாம் நாள் மரத்தடியில் வாந்தி எடுத்து அப்படியே சாய்ந்தேன். முத்துவீரன் என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாராம். அன்றைக்குத் துறையில் போர்ட் பிளேர் கப்பல் நின்றது என் அதிர்ஷ்டம்.

“நீங்க புள்ளையப் பாருங்கண்ணே, நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்” என்று ரெங்கம்மா ஏறிக்கொண்டாள்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டரம்மா பார்த்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். பிரஷரைப் பார்த்தார், உதிர்ந்த புருவத்தைத் தடவிப் பார்த்தார், எந்த மாத்திரைக்குப் பிறகு விழுந்தேன் என்று கேட்டார். பிறகு என் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

“பிரசவத்துல ரத்தம் நெறைய போச்சா?”

“கொஞ்சந்தான் டாக்டரம்மா. எல்லாருக்கும் போறதுதானே.”

கால்மாட்டில் பிளாஸ்க்கோடு நின்ற ரெங்கம்மா அதை டக்கென்று கீழே வைத்தாள்.

“எது கொஞ்சம்? அடிப்பாவி, எது கொஞ்சம்? டாக்டரம்மா, இவ பொய் சொல்றா! ரெண்டு சேலை, ஒரு போர்வை, எல்லாம் நனைஞ்சு மண்ணுல ஓடுச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். மூணு நாள் கண்ணே தொறக்கல. மாருல ஒரு சொட்டுப் பால் இல்ல. எம் புள்ளைக்கு ஊறுன பாலைத்தான் இவ புள்ள குடிச்சா.”

வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி மறைச்ச?”

“ஒன் முன்னால எப்படிடி சொல்லுவேன்? நீ புள்ளையையே பறிகுடுத்துட்டு நிக்கிற. எனக்கு என்ன போச்சு?”

“எம் புள்ள போனதுக்கு நீயும் போய்ச் சேருன்னு நான் கேட்டனா? பைத்தியக்காரி!” என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். போட்ட கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்து அழுகையையும் நான் அன்றைக்குத்தான் அழுதேன்.

டாக்டரம்மா அதற்குள் நர்ஸிடம் ஊசி சொல்லியிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மேல் போனால் அது பட்டுப்போகுமாம். அட்ரினலுக்கும் தைராய்டுக்கும் ஆர்டர் போடும் ஆபீஸரே அதுதானாம்.

“அப்போ எங்கொழுந்தன் சொன்ன மாதிரி அட்ரினல் களைச்சுப் போகலையா?”

“வேலையே செய்யலையே, எங்கேருந்து களைக்கும்? ஆர்டர் வந்தாத்தானே வேலை. தைராய்டு மாத்திரை ஒடம்பை வெரட்டும். ஓடத் தெம்பு கொடுக்கிறது அட்ரினல் ஹார்மோன். அதைக் குடுக்காம வெரட்டினா ஆள் விழுந்துடும். மொதல்ல இது, அப்புறம் அது. கேம்ப்ல பாத்தவங்களுக்கு இந்த விஷயம் தெரியாது. நீங்க சொல்லலையே.”

ரத்தத்தை மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசியைப் போட்டார்கள். மறுநாள் காலை கண் விழித்ததும் எனக்குப் பசித்தது. பசி என்றால் என்ன பசி! எட்டு பூரி தின்றேன். “மெள்ளத் தின்னுடி, ஆஸ்பத்திரியையே காலி பண்ணிராத” என்று ரெங்கம்மா தன் பங்கையும் என் தட்டில் தள்ளினாள். ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தேன்.

சுரேந்திரன் புது டப்பாவோடு பார்க்க வந்தான். டாக்டரம்மா அதை வாங்கி லேபிளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதுல ஹார்மோன் இல்ல. இவங்களுக்கு வேண்டியது ஹார்மோன். இனி ஊசிக்குப் பதிலா நான் எழுதிக் குடுக்கிற ஹார்மோன் மாத்திரை ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்தா ஒடனே ஊசி. இதெல்லாம் எழுதின இந்த லெட்டர் எப்பவும் கையில இருக்கணும்.” அவன் முகம் விழுந்துவிட்டது. நான் விடவில்லை.

“தம்பி, கப்பல் பத்து நாள் வராட்டியும் எனக்கு மாத்திரை குறையக் கூடாது. மூணு மாசத்துக்கு முன்கூட்டியே வாங்கி அனுப்புறது ஒம் பொறுப்பு. பவுடர் வித்த பாவம் அப்படித்தான் தீரும்.”

“சரி மதினி, சரி மதினி” என்றான். இன்றைக்கு வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத்தான் தைராய்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள், கால் பங்கு அளவில். மெயின்லேண்டிலிருந்து வந்த ரிசல்ட்டும் டாக்டரம்மா சொன்னதையே சொன்னது. நவம்பர் கடைசியில் நூறு மரம் வெட்டினேன். டிசம்பரில் காய்ச்சல் வந்தது. இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு நாலு நாள் படுத்தேன், எழுந்தேன். கிறிஸ்துமஸ் முடிவதற்குள் இருநூறு தாண்டியது.

போகிக்கு முந்தின நாள் அழகர்சாமி ரைட்டர் விடியும்போதே வந்து என் பின்னாலேயே நடந்தார். இருநூறில், “வேணும்னா கொஞ்சம் ஒக்காருங்க” என்றார்.

“ஒங்களுக்குக் கால் வலிச்சா ஒக்காருங்க ரைட்டரே. எனக்கு வேலை கெடக்கு.”

முன்னூறாவது மரத்தில் பட்டையைச் சீவியபோது பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் விழுந்தது. ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எட்டே முக்கால். ஒங்க பேரு நிக்குது செல்லம். நான் சொன்னது தப்புதான், மனசுல வச்சுக்காதீங்க.”

“வச்சுக்குவேன். மேல் மேட்டுல ஆளில்லாம அம்பது மரம் கெடக்கே, அதையும் எனக்கே போடுங்க. அப்பத்தான் மறப்பேன்.”

“பேராசைக்காரி!” அடுத்த வரிசையிலிருந்து ரெங்கம்மா கத்தினாள். தோட்டமே சிரித்தது.

முத்துவீரன் தன் மரங்களை முடித்துவிட்டு, பழக்கத்தில் கத்தியோடு என் வரிசைக்கு வந்து நின்றார். ஒரு மரமும் மிச்சம் இல்லை. கண் கலங்கிவிட்டது அந்த மனுஷனுக்கு.

“இனி நான் என்ன செய்யிறது?”

“வீட்டுக்குப் போய்ச் சோறாக்குங்க.”

போய் ஆக்கினார். குழைந்து, அடியும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில், எங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.