முன்கூட்டிய நன்றியறிதல்

கடவுளிடம் தன்னை முழுவதுமாக ஒப்படைத்தவனை எந்தச் சக்தியாலும் அசைக்க முடியாது. நவநாள் சபைத் தலைவர் இதைச் சொன்னபோது, தேவாலயப் பீடத்துக்கு மேலே பல்பு மாட்டுவதற்காக ஒரு நாற்காலியில் ஏறி நின்றிருந்தார். நாற்காலியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே காத்து நின்ற தையல்காரிக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். இருபது வருடம் கத்திக் கத்தி ஆட்களை உள்ளே தள்ளிய குரல், மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பல் துலக்கி முடிப்பதற்குள் போய்விட்டது. ஐந்து மாதமாகப் படுக்கை. தினமும் அவரைத் துடைத்து, புரட்டிப் போட்டு, மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

தலைவர் இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். "தொண்டைக்குப் பாதுகாவலர் புனித பிளேசியார். மீன்முள் சிக்கி மூச்சு முட்டின பிள்ளையப் பிழைக்க வச்சவரு. ஒன்பது நாள் நவநாள் சொல்லிரும்மா."

"தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரே ஐயா. தலையிலதான் கோளாறாம்."

"தலைக்கும் ஒரு புனிதர் இருக்காரு. அவரோட சுரூபம் நம்மகிட்ட இல்ல."

இதோடு தலைவரின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. வேண்டுதல் பலிப்பதற்கு முன்பே, பலித்துவிட்டதாக நன்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பலித்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும், அதில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்பார். அவள் எழுதினாள்: 'புனித பிளேசியாரின் மன்றாட்டால் என் கணவர் பேசினார். முன்கூட்டிய நன்றி.' ஞாயிறு பூசை முடிந்ததும் தலைவர் அதை மைக்கில் வாசித்தார். கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டார். சபையின் விசுவாசத்தை வீணாகக் குழப்பக் கூடாது என்பது அவர் கருத்து.

மறுநாளே துணி வாங்க வந்தவர்கள் எல்லோரும், "மொத வார்த்தை என்ன சொன்னாரு?" என்று கேட்டார்கள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். நாத்தனாரும் வந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணன் உங்ககிட்ட மட்டுந்தான் பேசுவாராக்கும், அண்ணி."

"பேசுவாரு."

"பேசினாருன்னுல்ல மைக்குல வந்துச்சு."

எட்டாம் நாள் தையல்காரி தலைவரிடம் போய் நின்றாள். "அந்தச் சீட்டக் கிழிச்சிருங்க ஐயா. பொய் சொன்னவளாயிட்டேன்."

"பொய் இல்லம்மா, காலந்தான் கொஞ்சம் முன்னப்பின்ன. நாளைக்கு நவநாள் முடிவுக்கு சபையோட வீட்டுக்கு வர்றோம். அப்பவும் பேசலைன்னா அது உன் விசுவாசக் குறை. புனிதர் மேல பழி போட முடியுமா?"

வீட்டுக்கு வந்தவள் மிஷினில் ஒட்டியிருந்த புனிதரின் படத்தைப் பார்த்தாள். "சபைக்காரங்க என்னைய விட்டுட்டாங்க," என்றாள், வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல. "நீங்களும் விட்டுராதீங்க." பிறகு, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அறை நாலு பேர் நிற்கும் அளவு. தலைவர் ஷூவைக் கழற்றவில்லை. கையில் புனிதரின் சுரூபம் இருக்கும்போது குனியக் கூடாதாம். அந்தச் சிலையை ஜன்னலில் வைத்தார். கட்டிலை ஒட்டி நின்று, பிளேசியார் ஆசீர்வாத முறைப்படி, சிவப்பு நாடாவால் குறுக்காகக் கட்டிய இரண்டு மெழுகுவர்த்திகளைக் கண்டக்டரின் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டார். புனிதருக்கான செபம் நாலு வரிதான். இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று, ஐந்து பத்து மணிகள் கொண்ட செபமாலை முழுவதையும் தொடங்கினார்.

மாலையின் இரண்டாவது பத்தில் கண்டக்டருக்கு வியர்த்தது. மூன்றாவதில் முகம் சிவந்தது.

"அருள் இறங்குது," என்றார் தலைவர்.

நாலாவதில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பாவத்துக்கு மனஸ்தாபப்படுறாரு."

ஐந்தாவது பத்தின் நடுவில் கண்டக்டரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குள்ளிருந்து வார்த்தை வந்தது.

"தள்ளி... நில்லுய்யா."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் நின்ற இடத்திலேயே கைகளை உயர்த்தினார். "சாத்தானைச் சொல்றாரு," என்றார் கூட்டத்திடம். "முழங்கால் போடுங்க."

போட்டார்கள்.

"தள்ளி நில்லு," என்றார் கண்டக்டர் மறுபடியும், பஸ்ஸில் சொல்வதுபோலவே.

"ரெண்டாந்தடவையும் விரட்டுறாரு, பாத்தீங்களா."

தையல்காரி முழங்கால் போடவில்லை. அவர் அதை யாரிடம் சொல்வார் என்று அவளுக்கு இருபது வருடமாகத் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் நாத்தனாரிடம். "இனி என்னையும் திட்டுவாரு." ஜன்னலில் இருந்த சுரூபத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். இந்த முறை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிறகு கீழே குனிந்து பார்த்தாள். செபமாலை தொடங்கியதிலிருந்து தலைவர் கண்டக்டரின் மூத்திரக் குழாயை மிதித்துக்கொண்டு நின்றிருந்தார்.