திரைக்கு இந்தப் பக்கம்

கருஞ்சிவப்பாய் அவள் ரத்தம் குழாயில் ஏறி மெஷினுக்குள் போகிறது, சுத்தமாகி இன்னொரு குழாய் வழியே அவளுக்கே திரும்புகிறது, அதை நான் பச்சைத் திரையின் இடுக்கில் ஒற்றைக் கண்ணால் திருடனைப் போலப் பார்த்து நிற்கிறேன், பெற்ற தகப்பன், என் நஸ்ரினுக்கு நாலு வயது, காய்ச்சலில் கிட்னி இரண்டும் நின்றுபோய் உடம்பெல்லாம் வீங்கிக் கிடக்கிறாள், என்னைக் கண்டால் தூக்கச் சொல்லி அழுகிறாள், காலை உதைக்கிறாள், தொடையில் செருகிய குழாய் மடங்கியதும் மெஷின் கத்திவிட்டு நின்றுவிடுகிறது, காலையில் அப்படித்தான், நின்ற ரத்தம் உள்ளேயே கட்டிப்போய் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினார்கள், இன்னொருதரம் கட்டினால் இந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர், ஜெபமணி சிஸ்டர் என்னை ஒதுக்கி, அண்ணே, நீங்க அங்கிட்டுப் போயிருங்க, உங்க மொகத்தப் பாத்தாத்தான் அழுகுறா என்றார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அப்படி என்ன பாவம் செய்தது என் முகம், யாரிடம் போய்ச் சண்டை போட.

அத்தா எங்க என்று கேட்கிறாள், கடைக்குப் போயிருக்காக செல்லம், இப்ப வந்துருவாக என்கிறார் சிஸ்டர், நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன், விடியுமுன் டூட்டிக்குக் கிளம்பும் கண்டக்டர் நான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன், கதவு முனகினாலே எழுந்து ஓடிவருவாள், நானும் வாரேன், பையைப் பிடித்துத் தொங்குகிறாள், சரி வா என்று டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்த்துகிறேன், பெரியகுளம் வருகிறது, தேவதானப்பட்டி வருகிறது, டிக்கெட் டிக்கெட் என்று பிள்ளைக் குரல், இல்லை, ஒருநாளும் அப்படிக் கூட்டிப்போனதில்லை, நின்றபடியே கண் சொக்கியிருக்கிறது, விசில் சத்தமா, மெஷினா, பதறிப்போய்ப் பார்க்கிறேன், ஓடத்தான் செய்கிறது, அவள்தான் கேட்பதை நிறுத்திவிட்டாள், நல்லதுதானே, பிறகு ஏன் எனக்கு வயிறு எரிகிறது, பிள்ளை தகப்பனை மறந்தால்தான் பிழைக்கும் என்று ஒரு வைத்தியமா, இப்ப வாங்கண்ணே, அமைதியா இருக்கா, ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிருங்க என்கிறார் சிஸ்டர், திரையை விலக்கிப் போய் நிற்கிறேன், என்னைக் கண்டதும் உதடு பிதுங்குகிறது, அழுகாதம்மா என்று நான் சொல்வதற்குள் அவளே அழுகையை விழுங்கிவிட்டு, உதைக்க எழுந்த காலைத் தன் கையாலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தா நீ போ, நீ வந்தா மெஷின் கத்தும் என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மெஷின் நிற்காமல் ஓடியது, நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.