மௌனசாமியின் பட்டன் டயர்

அந்தப் பெரிய எஸ்யூவி கடை வாசலில் வந்து நின்றபோது, டயர்க்கடைக்காரி கம்ப்ரஸரை அணைக்கச் சொல்லிக் கைகாட்டினாள். அவள் பார்வை நேராகப் பின்சீட்டுக் கண்ணாடிக்குப் போனது. அங்கே அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல், மடியோரமாகக் கையை லேசாக அசைத்தாள்.

ஓட்டி வந்தவன் கடைக்காரியின் முன்னாள் கணவன். கடையில் அவனுக்கு மௌனசாமி என்று பெயர். ஏன் அப்படியொரு பெயர் என்பீர்கள். சொல்கிறேன், கண்ணுகளா. அவனுக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடக்கூடாது, கதவு அடிக்கக்கூடாது, பிள்ளை வாய்விட்டுச் சிரித்தால்கூட "மெல்ல" என்பான். இவளோ அப்பாவின் டயர்க்கடையில், கம்ப்ரஸர் சத்தத்தில் வளர்ந்தவள். அங்கே மெதுவாகப் பேசினால் ஜாக்கிக்கு அடியில் படுத்திருப்பவனுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் விரல் போய்விடும். அந்தக் குரல்தான் வீட்டிலும் இருந்தது. "கேஸை மூடு" என்றாலும் உரக்க, "சாப்பிட வாங்க" என்றாலும் உரக்க.

அதையெல்லாம் அவன் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டான். கோர்ட்டில் போட்டுக் காட்டினான். தன் குரலே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதை அவள் நின்று கேட்டாள். "இந்தச் சத்தத்துல ஒரு பிள்ளை எப்படிங்கய்யா வளரும்?" என்றான். மகள் அவனோடு போனாள். இவளுக்கு மிஞ்சியது மாதத்தில் ஒரு ஞாயிறு.

அன்று அவள் அழவில்லை. இவனை விடமாட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடுதான் தினமும் ஷட்டரைத் தூக்கினாள்.

அந்த வண்டியின் அளவுக்கு டயர் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காததால்தான் அவன் வந்திருந்தான். வந்தவன் அவளோடு பேசவில்லை. டயர் மாட்டுகிறவரைப் பார்த்துப் பேசினான். டயரைச் சுழற்றிச் சுழற்றி உருட்டுவதால் அவருக்குப் பம்பரம் என்று பெயர்.

"அந்தம்மாகிட்ட கேட்டு நல்லதா நாலு எடுப்பா," என்றான். அந்தம்மா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பின்னறையில் பழைய சரக்கு நான்கு கிடந்தன. விலைபோகாமல் ரப்பர் கெட்டிப்பட்டவை. பாலிஷ் போட்டால் புதுசாக மின்னும். மழையில் பிரேக் அடித்தால் நிற்காது. அவள் கண் ஒரு கணம் அங்கே போனது. பொய் சொல்லமாட்டேன், போகத்தான் செய்தது. பிறகு பின்சீட்டைப் பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"ரோட்டு டயர் ஒரு செட் இருக்கு சார். மெத்துனு போகும்," என்றார் பம்பரம்.

"என்னய்யா இது, பூனை மாதிரி சாதுவா இருக்கு." அவன் பார்வை சுவரோரம் போயிற்று. அங்கே கனத்த கட்டிகளும் ஆழமான பள்ளங்களுமாக, பல்லை இளித்துக்கொண்டு நின்றன பட்டன் டயர்கள். "அது?"

"அது சேத்துலயும் பாறையிலயும் போற வண்டிக்கு சார்."

"போட்டா எப்படி இருக்கும்?"

"பார்க்கவா? யானை நிக்கிற மாதிரி இருக்கும்."

"எங்க மேல்வீட்டுக்காரன் வண்டிகூட இப்படி இல்ல." பெருவிரலால் ஒரு கட்டியை அழுத்திப் பார்த்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது.

பம்பரம் கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தார். டயர் வாங்க யார் வந்தாலும் அவளிடம் ஒரு விசாரணை உண்டு. எங்கே ஓட்டுவீர்கள், யார் யார் ஏறுவார்கள், தார் ரோடா மண் ரோடா என்று குடைந்தெடுத்துவிடுவாள். பட்டன் டயர் கேட்டவர்களில் பாதிப் பேரை ரோட்டு டயரோடு திருப்பி அனுப்பியவள் அவள். இந்த டயர் தார் ரோட்டில் வேகமெடுத்தால் வண்டிக்குள் உட்கார முடியாது, மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இரையும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும், சொல்லிவிடலாம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்கில் அவன் கேட்ட மௌனத்தை அன்று தாராளமாகக் கொடுத்தாள்.

பின்சீட்டுப் பக்கத்து நட்டுகளை மட்டும் அவளே கையால் முறுக்கினாள். காற்றை இரண்டாம் தடவை சரிபார்த்தாள். வண்டி யானைபோல் அசைந்து தெருவில் இறங்கியது.

"என்னக்கா, நாக்குல பஞ்சரா?" என்றார் பம்பரம்.

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

மகள் படிக்கும் பள்ளி ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் வெகுதூரம். தினமும் அவன்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவான். அந்த மாதத்து ஞாயிறன்று மகள் வந்தபோது, "காதுக்குள்ள ரயில் ஓடுதும்மா," என்றாள். கடைக்காரிக்கு வயிறு ஒரு பக்கம் கலங்கியது, ஒரு பக்கம் குளிர்ந்தது. அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வயிறுதானே.

மாதம் திரும்புவதற்குள் மௌனசாமி வந்தான். தெருமுனையில் திரும்பும்போதே வண்டி ஊளையிட்டது. மகளும் உள்ளே இருந்தாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"யோவ், இந்த டயர் என்னய்யா இப்படிக் கத்துது?"

"எனக்கென்ன தெரியும் சார். அக்காகிட்ட கேளுங்க." பம்பரம் நழுவிவிட்டார்.

வேறு வழியில்லை. அத்தனை காலம் கழித்து அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "இவ்வளவு சத்தம் போடும்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நான் பேசினா உங்களுக்குத் தலைவலி வரும்னு ஜட்ஜய்யாகிட்டயே சொன்னீங்களே," என்றாள் அவள். வேண்டுமென்றே தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் அதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது. "அதான் பேசல."

பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காற்றடிக்க வந்து நின்றவரும் திரும்பினார்.

"மனுஷன் உக்கார முடியல அதுல," என்று பல்லைக் கடித்தான். "மாத்திக் குடு."

"ஓட்டின டயரை யாரும் மாத்தித் தரமாட்டாங்க. நான் தர்றேன். ஒரு பைசா வேணாம்." காசு விஷயத்தில் அவன் எப்படி என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவன் முகம் இளகியது. "ஆனா அன்னிக்கு நீங்க பூனைன்னு சொன்னீங்களே, அந்த செட்டை மறுநாளே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார். ஆர்டர் போட்டுத்தான் வரணும்."

"வரட்டும்."

"அதுவரைக்கும் பாப்பா இதுல போக வேணாம். காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் கொண்டாந்து விடுறேன்."

அவன் முகம் இறுகியது. "கோர்ட்ல என்ன சொல்லியிருக்குன்னு..."

"அப்பா, நான் அம்மாகூடப் போறேன்." கண்ணாடி இறங்கியிருந்தது. "எனக்கு முடியலப்பா."

அவன் மகளைப் பார்த்தான். நான்கு டயர்களையும் பார்த்தான். இலவசம் என்ற சொல் அவனுக்குள் வேலை செய்வதை அவள் பொறுமையாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

"டயர் வர்ற வரைக்கும்தான்," என்றான்.

"டயர் வர்ற வரைக்கும்தான்," என்றாள்.

அவளுடைய சரக்கு வேன் ஒன்றும் வீணை வாசிக்காது. கதவு தடதடக்கும், கியர் கரகரக்கும். மகள் முன்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் தோழிகளின் சண்டையையெல்லாம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் அவளை "மெல்ல" என்று சொல்லவில்லை. எதிரே அந்த எஸ்யூவி தனியாக ஊளையிட்டுக்கொண்டு போகும்போது, கடைக்காரி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

டயர் அந்த வாரமே வந்து இறங்கியது.

பம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "சாருக்குச் சொல்லிடவாக்கா?"

"போனை வைங்க. அந்தத் தார்ப்பாயை எடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். தார்ப்பாயை எடுத்து வந்தார். இருவருமாகப் பின்னறையில் நான்கையும் அடுக்கி மூடினார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த வாரமும் போன் வந்தது. ஒரு தடவை அவளே எடுத்தாள்.

"வந்துச்சா?"

"கப்பல்ல வருது."

"எந்தக் கப்பல்லடி வருது, இத்தனை நாளா?"

கடைக்காரி தார்ப்பாய் மேல் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே புது ரப்பர் மெத்தென்று அமுங்கியது.

"பெரிய கப்பலுங்க," என்றாள் கடை முழுக்கக் கேட்கும்படி. "மெதுவாத்தான் வரும்."