புகை பட்ட போத்தல்

வட்டவளையில் அன்று பெய்த மழையை விட ஜோர்ஜ் போட்ட சத்தம்தான் பெரிது. பக்கத்து றொசல்ல ஸ்டேஷனில் நின்றிருந்த ரயில், கார்டு விசில் ஊதுவதற்கு முன்பே பயந்துபோய்ப் புறப்பட்டுவிட்டதாக இன்றைக்கும் பேச்சு.

"வோட்டா? என் நாக்குக்கு எதிரா வோட்டா?"

முப்பத்தாறு வருஷம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தேயிலையாக்கும் டீமேக்கராக இருந்தவர் ஜோர்ஜ். ஓய்வு பெற்ற பிறகும் நாக்குக்கு வேலை வேண்டுமே. மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு முன்னறை மேசையில் நாலு விஸ்கிப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். தேயிலை ருசி பார்ப்பது போலவே வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, கடைசியில் ஒன்றை விரலால் காட்டுவார். அந்த மாதம் முழுக்க அவரும் இரண்டு கூட்டாளிகளும் அதைத்தான் குடிக்க வேண்டும். மறுபேச்சு கிடையாது. ஏழு வருஷமாக நடந்த இந்த ராஜ்யத்தில்தான், அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான, ஹட்டன் பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கம் கை வைத்துவிட்டார்.

"கோவப்படாதீங்க டீமேக்கரய்யா. எல்லாரும் ருசி பாப்போம், கையத் தூக்குவோம். போன மாசம் நீங்க சொன்னீங்கன்னு குடிச்சேனே, அது விஸ்கியா, இருமல் மருந்தா?"

"துணிய மோந்து பாத்து வெல சொல்ற ஆளு நீங்க. ஒங்களுக்கு என்னங்க தெரியும் முதலாளி?"

"அவரு சொல்றதும் நியாயந்தானே" என்றார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஜீவராஜ், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஜோர்ஜின் காது சிவந்தது. "சரி, தூக்குங்க. நான் சொல்ற போத்தல் தோத்துச்சுன்னா இனிமே இந்த மேசையில நான் கரண்டியத் தொட மாட்டேன்."

கோபத்தோடு உறிஞ்சினார். அந்த உறிஞ்சலில் ஜன்னல் திரை அரையடி உள்ளே வந்தது.

விஸ்கிக்கும் அவர் வாயில் வந்தது தேயிலைப் பேச்சுதான். முதல் கோப்பை. "வாட்டம் பத்தல. பச்ச வாட." துப்பினார்.

இரண்டாவது. "நல்ல எலதான். ரோலர்ல போட்டு கொன்னுட்டானுங்க." துப்பினார்.

மூன்றாவதில் புருவம் இறங்கியது. "இது கொழுந்து. பனிக்காலத்துல, மேமலையில எடுத்தது. இந்த மாசம் இதுதான்."

நான்காவது, சுந்தரலிங்கத்தின் மருமகன் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த கறுப்புப் போத்தல். ஜோர்ஜ் உறிஞ்சினார். அடுத்த கணம் அவர் துப்பியது எச்சில் பேசினைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மழையையே கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் போய் விழுந்தது.

"புகை! ட்ரையர் அடுப்புல வெடிப்பு விழுந்திருக்கு! இதக் காய்ச்சினவன இன்னைக்கே வேலையிலருந்து நிப்பாட்டணும்!"

சுந்தரலிங்கம் சிரித்தார். ஜீவராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் முதுகைப் படித்தார். "ஐயா... வேணும்னேதான் புகை போடுறாங்களாம். ஒரு மாதிரி மண்ண எரிச்சு, அந்தப் புகையிலதான் தானியத்தக் காயவைக்கிறாங்க. அதுதான் இதோட பெருமையாம்."

"பெருமையா?"

அந்தக் கேள்வியில் சத்தமே இல்லை. அதனால்தான் இருவரும் பயந்தார்கள்.

"அந்தக் காலத்துல, தேயிலை காயவைக்கிற என் ட்ரையர்ல ஒரு மயிரளவு வெடிப்பு. பன்னெண்டு பெட்டித் தேயிலைக்கு புகை பட்டு கொழும்பு ஏலத்துலருந்து திரும்பி வந்திச்சு. பெரிய தொரை என்னைய பங்களா வாசல்ல நிக்கவச்சு, கணக்கப்புள்ளைங்க எல்லாம் பாக்க, 'மூக்கு இருக்கா ஒனக்கு'ன்னு கேட்டான். ஹெட் டீமேக்கர் வேலைய எனக்குக் கீழ இருந்தவனுக்குக் குடுத்தான். இங்க அதையே தங்க எழுத்துல அச்சடிச்சு விக்கிறானுங்களா?"

மேசையில் அடித்தார். கோப்பைகள் எம்பி, வரிசை மாறாமல் திரும்ப உட்கார்ந்தன.

"வோட்டுக்கு வருவோம்" என்றார் சுந்தரலிங்கம், சற்று மெதுவாக. கறுப்புப் போத்தலுக்கு அவர் கை. மூன்றாவதற்கு ஜோர்ஜின் கை. இருவரும் ஜீவராஜைப் பார்த்தார்கள்.

"எனக்கு ரெண்டும் புடிச்சிருக்கு. அர வோட்டு இதுக்கு, அர வோட்டு அதுக்கு."

"இப்பிடித்தான் புள்ளைங்களுக்கு கணக்குச் சொல்லிக் குடுத்தீங்களா சேர்?" என்று கேட்டபடி கட்லட் தட்டோடு வந்தாள் ஜோர்ஜின் மனைவி ஜோசப்பின். சண்டை முழுவதையும் குசினியிலிருந்தே கேட்டவள். தட்டை வைத்தாள். யாரும் கேட்காமலே மூன்றாவது கோப்பையில் ஒரு வாய், கறுப்புப் போத்தல் கோப்பையில் ஒரு வாய். நாற்பது வருஷத்தில் கல்யாண வைன் தவிர எதையும் தொடாதவள்.

கறுப்புக்குக் கையைத் தூக்கினாள்.

"ஜோசப்பின்!"

"கத்தாதீங்க. திரும்பி வந்த தேயிலையில ரெண்டு பெட்டிய வீட்டுக்குத்தானே தூக்கிட்டு வந்தீங்க? ரெண்டு வருஷம் அதத்தான் குடிச்சோம். நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டு குடிச்சீங்க. நான் ருசிச்சுக் குடிச்சேன். முடிஞ்சப்போ அழுகையே வந்திச்சு. சொன்னா ஏசுவீங்கன்னுதான் சொல்லல."

ஜோர்ஜ் கரண்டியை மேசையில் எறிந்தார். தோற்ற ஆத்திரத்தில் கறுப்புப் போத்தல் கோப்பையை எடுத்து, இவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று காட்டுவதற்காகவே, துப்பாமல் விழுங்கினார். அது தொண்டையில் எரிந்து, நெஞ்சில் கணகணப்பாக உட்கார்ந்தது. நன்றாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தொரை உசுரோட இருக்கானா? விசாரிங்க முதலாளி. ஒரு போத்தல் அனுப்பணும். குடிச்சுப் பாத்துட்டு, மூக்கு யாருக்கு இல்லன்னு அவன் சொல்லட்டும்!"

"அனுப்புவோங்க. மருமகன்கிட்ட இன்னொன்னு கொண்டாரச் சொல்றேன்."

ஜோர்ஜ் மூச்சு வாங்கினார். யோசித்தார். முகம் இன்னும் கறுத்தது.

"வேணாம். அந்தப் பயலுக்கு எதுக்கு நல்ல சரக்கு?" என்று உறுமிக்கொண்டு கோப்பையை நீட்டினார். "ஊத்துங்க."