நடுவில் தேய்ந்த டயர்

சென்னை குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு டயர் கடையில் ஷம்சாத் பதினோரு வருஷமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறாள். அன்று காலை ஜோஸ்வின் தன் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து, எட்டே மாதத்தில் பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன, டயர் கம்பெனி புதுசு தர வேண்டும் என்று நின்றான். முதலாளி ஜெபசீலன் கம்பெனிக்கு அனுப்பும் வாரண்டி விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினார்.

"தயாரிப்புக் கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. நல்ல கஸ்டமர்."

ஷம்சாத் குனிந்து பார்த்தாள். டயரின் ஓரங்கள் புதுசு போலவே இருந்தன; நடுவில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. காற்றழுத்தத்தை அளந்தாள். நாற்பத்தைந்து காட்டியது. கார்க் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருக்க வேண்டிய அளவு முப்பத்துமூன்று என்று போட்டிருந்தது.

"சார், காத்து அதிகமானா டயர் நடுவுல உப்பிக்கும். அந்த இடம் மட்டும்தான் ரோட்டுல உரசும். டயர் மேல தப்பில்ல."

"ஸ்பீடா போற வண்டிக்கு இவ்ளோ வேணும். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் ஜோஸ்வின்.

"இது தெரியும் சார்."

ஜெபசீலன் குரலைத் தாழ்த்தினார். "எழுதும்மா. இல்லன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்."

 ஆனாலும் ஷம்சாத் 'காற்று அதிகம், டயரில் கோளாறு இல்லை' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு ஜோஸ்வினிடம் நீட்டினாள். ஜோஸ்வின் அதைப் படித்துவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். ஜெபசீலன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கணக்கு நோட்டில் குனிந்துகொண்டார்.  அவள் கடைப் பையனிடம் முதல் வண்டியை அலைன்மென்ட் மேடையில் ஏற்றச் சொன்னாள்.