ரெண்டா எடுக்கணும்

துளசிங்கம் கடைசியாகப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். "சீசன் முடியறதுக்குள்ள ரெண்டா எடுத்துடணும்." பொன்னேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அப்போது பக்கத்தில் இருந்தது இரண்டு பேர்: மனைவி கஸ்தூரியம்மாள், அண்ணன் தாமோதரன். மகன் பூபதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அவன் திரும்பிப் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பழவேற்காடு ஏரிக்கரையில், ஓடைக்குப்பத்துக்காரர்களுக்குச் சீசன் என்றால் இறால்தான். முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறியதும் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குப்பமே கூடி முறை போட்டுக்கொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். தாமோதரனுக்கு ஒரு பாடு உண்டு. துளசிங்கத்தின் பாடு, அவர் எண்ணூரில் கம்பெனி வேலைக்குப் போனதோடு போயிற்று. அப்படியிருக்க, ரெண்டா எடுக்கணும் என்றால் வேறென்ன அர்த்தம் வரும்? தம்பி விட்ட பாட்டைப் பூபதி பெயரில் திரும்ப எடுக்க வேண்டும். தாமோதரன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்மானித்துவிட்டார்.

"ஏரிய திரும்பிக்கூட பாக்காதவன், போவும்போது நம்ம தண்ணியத்தான்மா நெனச்சிக்கினான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகையா ஆனந்தமா என்று அவருக்கே தெரியவில்லை.

சாகிறவன் வார்த்தையை யார் மீறுவது? கருமாதியன்று பூபதிக்கு உருமால் என்கிற தலைத்துணியைக் கட்டும்போது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவன் பெயரைப் பாட்டில் சேர்த்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். பூபதி மீஞ்சூரில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். பெயர் சேர்ந்துவிட்டால் முறை வருகிற நாளெல்லாம் ஏரியில் நிற்க வேண்டும். வேலையை விட வேண்டியதுதான். வலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. "நைனா சொல்லிட்டாரே," என்றான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

கஸ்தூரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. பாதி எரிச்சல் மகனுக்காக. மீதி எரிச்சலை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. இத்தனை காலம் குடும்பம் நடத்தினவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், போகிற மனுஷன் அவளுக்கென்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போயும் போயும் இறாலையா நினைக்க வேண்டும்? ரயிலை நினைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ரயிலோடு அவரைப் பங்குபோட்டு அவளுக்குப் பழக்கம்தான்.

ஐயோ, அந்த ரயில்! விடிகாலை முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் எண்ணூர். அவருடைய கூட்டாளிகளெல்லாம் கூட்டத்தில் நசுங்கிச் சலித்துக்கொண்டு போய்வந்தார்கள். இவர் ஒருத்தர்தான் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி தலை வாரிக்கொண்டு போவார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வீட்டுச் சீப்பு, ஊக்கு, வேர்க்கடலை, கொய்யாப்பழம் எல்லாம் ரயிலில் வாங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பாரா என்றால், சின்னப் பையனான பூபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். அங்கே நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ்களுக்கு அப்பனும் மகனும் கை காட்டிவிட்டு, கண்ணெல்லாம் தூசியோடு திரும்பி வருவார்கள்.

ஒரு காலத்தில் பழவேற்காட்டை ஆண்ட டச்சுக்காரன் மேல் அவருக்குத் தீராத கோபம். "அம்மாம் பெரிய கோட்டைய கட்டினான், செத்தவனுக்கெல்லாம் மண்டையோடு செதுக்கி சமாதி கட்டினான். பழவேற்காட்டுக்கு ஒரு தண்டவாளம் போட்டானா?" என்பார். அவன் காலத்தில் ரயிலே கிடையாது என்று யாராவது சொன்னால், "அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று சண்டைக்குப் போவார்.

ரிட்டையர் ஆன மறுநாள் காலையும் டிபன் டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு நின்றார். கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"இன்னாய்யா, எங்க கெளம்பிட்ட?"

"வண்டி வருமேடி," என்றார், பாவம்.

விட்டுவிட்டாள். வேறென்ன செய்வது? அன்றிலிருந்து வேலையில்லாமலே வேலைக்குப் போகிறவர் போலப் போய்வந்தார். அவளையும் கூப்பிடாத வருஷமில்லை. "ஒரு தபா வாயேன் கஸ்தூரி. ஜன்னலாண்ட உக்காரு. காத்து சும்மா அள்ளிக்கினு போவும்."

"ஏன், ஏரில இல்லாத காத்தா?" என்பாள். பேசின் பிரிட்ஜில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக்கூட அவள் பஸ்ஸில்தான் போனாள். வீம்புதான். தன்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் தேடிப்போகிற இடத்துக்குத் தானும் எதற்குப் போய் நிற்க வேண்டும் என்கிற வீம்பு. அவர் முகம் ஒரு நிமிஷம் வாடும். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கருமாதியன்று காலை வாசலில் பந்தல் போட்டு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் காரியத்தைப் பார்க்க, கஸ்தூரியம்மாள் உள்ளே பெண்களுக்கு நடுவில் சுவரோரம் இருந்தாள். அப்போதுதான் பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து செசிலியா கொல்லைப்பக்கமாக ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். நண்டுக்கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் பொன்னேரியில் ரயிலேறி மெட்ராஸ் போய் விற்கிறவள்.

"சேதியே தெரியலக்கா. எங்க கூடைக்காரங்க பெட்டில அண்ணாத்த இல்லாத நாளே கெடையாது. கூடைய எறக்கிவுடுவாரு, எடம் புடிச்சி வெப்பாரு. சீசன் முடியப்போவுது, போய் எடுத்துனு வரேன்னு சொல்ட்டு எறங்கினவருதான்க்கா. அப்பறம் ஆளே காணோம்."

கஸ்தூரியம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா சீசன்? எறாலா?"

"எறாலா? இன்னாக்கா நீ. ரயில் சீசன். மாசாமாசம் எடுப்பாரே, அந்தச் சீட்டு."

வீட்டில் அதற்குப் பாஸ் என்றுதான் பேர். சீசன் என்று சொன்னால் குப்பத்தில் இறால் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவரே அப்படிப் பழக்கியிருந்தார். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது, ஸ்டேஷன் வார்த்தையே வாயில் வந்துவிட்டது.

கஸ்தூரியம்மாள் செசிலியாவின் தோளை அழுத்திப் பிடித்தாள். "ரெண்டா எடுக்கணும்னாரேடி. சீட்டு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உனக்குக்கா," என்றாள் செசிலியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "எங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினே இருந்தாரு. 'வாயால கூப்ட்டா எங்க கஸ்தூரி வரமாட்டா. சீட்ட எடுத்து கையில குடுத்துட்டா, ஐயோ வீணாப்போவுதேன்னு ஓடியாந்துடுவா'ன்னு. ஜன்னலாண்ட எடத்த உனுக்கு வுட்டுத்தரணும்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கினாருக்கா."

வெளியே தாமோதரனின் குரல் கேட்டது. உருமால் துணியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "என் தம்பியோட கடைசி வார்த்தை..." என்று பெரியவர்களிடம் ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவள் ஆண்கள் சபைக்கு வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். பெண்கள் பிடித்து இழுத்தார்கள். உதறிக்கொண்டு வெளியே வந்து பந்தலுக்கு நடுவில் நின்றாள்.

"மாமா, பூபதி பேர சொல்லாத. அது நம்ம சீசன் இல்ல. ரயில் சீசன். சீட்டு எடுக்கறத சொல்லிட்டுப் போயிக்கிறாரு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பூபதி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை, அவன் தோள் மட்டும் குலுங்கியது. தாமோதரன் கையிலிருந்த துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அத்தனை பெரிய உடம்பு அப்படியே நாற்காலியில் சரிந்தது. பதினாறு நாளாகத் தம்பி தன்னிடம் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்.

"அப்போ, அவன் ஏரிய நெனைக்கவே இல்லியாம்மா?" என்று கேட்டார்.

அவளுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் பதினாறு நாளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

"இல்ல மாமா," என்றாள். "என்னத்தான் நெனச்சிக்கினாரு. எனக்குத்தான் அந்த ரெண்டாவது சீட்டு. எடுத்துக் குடுத்துட்டா வந்துடுவேன்னு சொன்னாராம்."

தாமோதரன் மெதுவாக எழுந்தார். பூபதிக்கு உருமாலை மட்டும் கட்டிவிட்டு, அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

செசிலியா வந்து கஸ்தூரியம்மாளின் கையைப் பிடித்தாள். "எடுத்தாந்திருந்தா வந்திருப்பியாக்கா?"

"வந்திருப்பேன்டி," என்றாள் கஸ்தூரியம்மாள். "திட்டிக்கினே வந்திருப்பேன். அது அந்த மனுசனுக்கு நல்லா தெரிஞ்சிகீது." அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. பந்தல், பெரியவர்கள், வழக்கம் எதையும் பாராமல் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி மனுசா, தெரிஞ்சிருந்தும் இத்தினி வருசம் வாயாலயே கேட்டுக்கினு இருந்தியே! கல்யாணம் ஆன அன்னிக்கே எடுத்தாந்து குடுத்திருக்கக் கூடாதா!"