நாய்க்காரருக்கு முப்பத்தொன்பது

என் கணவர் கிருபைராஜுக்கு மருந்துக் கம்பெனியில் சப்ளையர் ஆடிட் வேலை. மாத்திரைக்கு மாவு விற்கிறவன், பாட்டிலுக்கு மூடி விற்கிறவன், அட்டைப்பெட்டி விற்கிறவன் என்று எவன் வந்தாலும் பத்துத் தலைப்பில் மார்க் போடுவார். அறுபதுக்குக் கீழே வந்தால் ரிஜெக்ட். அந்தப் பழக்கம் ஆபீஸோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சர்ச்சில் பிரசங்கத்துக்குப் போட்டிருக்கிறார், என் தம்பி மனைவி வைத்த மீன் குழம்புக்குப் போட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து பதினேழு வருடமாகிறது. இந்த மனிதரிடம் பாஸானவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இப்போது மாட்டிக்கொண்டவர்கள் பிரிட்டனின் கட்சித் தலைவர்கள். அங்கே தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு டிவியில் வேறு எதுவும் ஓடவில்லை. நியூ ஜெர்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த ஊர்ப் பிரதமர் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் மகள் ஜெபினா லீட்ஸில் இருக்கிறாள். அவள் அங்கே இருக்கலாமா கூடாதா என்பது இவர்கள் கையில் இருக்கிறது.

ஆறு வயதில் எங்களோடு அமெரிக்கா வந்தவள். ஊஞ்சல் ஆடியது, ஸ்பெல்லிங் படித்தது, டிரைவிங் பழகியது எல்லாம் இந்த ஊரில்தான். ஆனால் அப்பாவின் விசாவோடு பிள்ளை ஒட்டியிருக்க முடிவது இருபத்தொரு வயது வரைக்கும்தான். அதற்குள் எங்கள் கிரீன் கார்டு வரவில்லை. கேக் வெட்டிய மறுநாளிலிருந்து அவள் இந்த நாட்டுக்கு அந்நியம். லீட்ஸில் ஒரு வருடம் எம்.எஸ்.ஸி. படித்து, அங்கேயே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து வருடம் வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்றுதான் போனாள். இப்போது தேர்தலில் அந்த ஐந்தைப் பிடித்து ஆளாளுக்கு இழுக்கிறார்கள்.

அடுத்த பிரதமர் என்று எல்லாரும் சொல்கிற ஆசாமி எந்நேரமும் சட்டைக்கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். பாத்திரம் கழுவப் போகிற மாதிரி இருக்கும். கழுவ மாட்டார். ஐந்தைப் பத்தாக்குவாராம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எதிர்க்கட்சித் தலைவி ஒரு அம்மா. எதைக் கேட்டாலும் "நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன்" என்பார். என்ன சொன்னார் என்று தேடினால் ஒன்றும் இருக்காது, வெளியூர்க்காரர்கள் கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர. மூன்றாமவர் சின்னக் கட்சி. எங்கே போனாலும் ஒரு பழுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு போவார். ஏற்கெனவே வந்து வரிசையில் நிற்கிறவர்களைத் தொட மாட்டேன், அவர்களுக்கு ஐந்து ஐந்துதான் என்று சொன்ன ஒரே ஆள் அவர். சொல்லும்போது நாய் குரைத்ததால் பாதி கேட்கவில்லை.

கிருபைராஜ் எக்செல் ஷீட் திறந்து மூவரையும் கிழித்துத் தொங்கவிட்டார். சட்டைக்கைக்கு நாற்பத்தாறு. அம்மாவுக்கு இருபத்திரண்டு. நாய்க்காரருக்கு முப்பத்தொன்பது. நாய்க்கு எழுபத்தொன்று. அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக உட்காரத் தெரிந்தது அது ஒன்றுதான் என்றார்.

நானும் சிரித்தேன். அந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பிள்ளையின் ஐந்து வருடத்தைச் சந்தையில் கத்திரிக்காய் மாதிரி பேரம் பேசுகிறவர்களுக்கு மரியாதை என்ன வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் மார்க் போடும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெயர் வந்து நிற்கும். பத்ரி. ஜெபினாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. நான் சொன்னதில்லை.

நாங்கள் வந்த மறு வருடம் பக்கத்து ஊர் எடிசனில் பத்ரி ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். லாண்டரிக் கடைக்கு மேலே ஒரு ரூம், நாலு நாற்காலி. இவரைக் கூப்பிட்டு, "சேர்ந்த ஆறு மாசத்துல உங்க கிரீன் கார்டு ஃபைல் பண்ணிடறேன் சார்" என்றார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து மார்க் போட்டார். ஆபீஸில் சோப்பு வாடை. பேசும்போது மூக்கை உறிஞ்சுகிறான். இவனை நம்பி எப்படி? பெரிய கம்பெனியிலேயே இருந்துவிட்டார். அவர்கள் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லி, ஆறாம் வருடம் விசா முடியப்போகிற கடைசி நேரத்தில் ஃபைல் பண்ணினார்கள். பத்ரியிடம் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கார்டு வந்துவிட்டது. அவர்கள் பிள்ளைகள் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருத்தியை வாராவாரம் இந்தியன் ஸ்டோரில் பார்க்கிறேன். பார்த்தால் நான் வேறு வரிசைக்குத் திரும்பிவிடுவேன்.

சனிக்கிழமை காலை ஜெபினா வீடியோவில் வந்தாள். அங்கே மத்தியானம்.

"அப்பா, ஐ ஹேவ் எ வோட்," என்றாள்.

"உனக்கு எப்படி மக்களே ஓட்டு? நீ அந்த ஊர் சிட்டிசனா?" எங்கள் நாகர்கோவிலில் பெற்ற பிள்ளையும் மக்களேதான்.

"வேண்டாமாம்பா. காமன்வெல்த் கன்ட்ரி பாஸ்போர்ட் இருந்து, இங்க விசால இருந்தா போதும். ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். கார்டு வீட்டுக்கே வந்துருச்சு."

கார்டைக் காட்டினாள். எங்கள் வீட்டுக்கு இந்தப் பதினேழு வருடத்தில் வந்த முதல் ஓட்டு அது. எங்களுக்கு இந்த நாட்டில் ஓட்டில்லை. நாகர்கோவிலுக்குப் போய்ப் போடலாம் என்றால், திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் போவதில்லை. இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.

அவர் உடனே ஷீட்டை ஸ்கிரீனில் ஷேர் பண்ணினார்.

"பாத்துக்கோ. ஒருத்தனும் அறுபது தாண்டல. ஜெயிக்கப் போறது அந்தச் சட்டைக்கைதான், அவனே ஃபெயில். இவனுங்களுக்குப் போடறதுக்குப் பதிலா அன்னைக்கு வீட்ல தூங்கு."

"எங்க ஏரியால நாய்க்காரர் பார்ட்டிக்குச் சான்ஸ் இருக்குப்பா. ரொம்ப க்ளோஸ். அவர் மட்டும்தான் ஃபைவ் இயர்ஸ்னு சொல்றார்."

"சொல்லுவான். நாயை மேய்க்கத் தெரியாதவன் நாட்டை மேய்ப்பானா? கோமாளி. இவனை நம்பி எப்படி?"

அதே மூன்று வார்த்தை. அதே சோபா. ஜெபினா கார்டின் முனையை மடக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னால் கேட்டுவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மடக்கிய முனையைப் பார்த்தேன், சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"பத்ரிக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"முப்பத்தெட்டு," என்றார்.

"ஹூ இஸ் பத்ரி?" என்றாள் ஜெபினா.

நான் சொல்லப் போனேன். அவர் கையமர்த்தினார். அவரே சொன்னார். லாண்டரி, நாலு நாற்காலி, ஆறு மாதம், மூக்கு உறிஞ்சியது எல்லாம். ஒன்றையும் விடவில்லை, ஆடிட் ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னார். "அன்னைக்குச் சேர்ந்திருந்தா நீ இப்ப நம்ம மாடி ரூம்ல இருந்திருப்ப மக்களே," என்று முடிக்கும்போது அந்தக் குரல் போய்விட்டது.

ஜெபினாவைப் பார்த்தேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் ஸ்கிரீனில் எதையோ படித்தாள்.

"நாய்க்காரர் தர்ட்டி நைன்," என்றாள். "உங்க பத்ரிய விட ஒரு மார்க் ஜாஸ்திப்பா."

கிருபைராஜ் ஷீட்டை மூடினார். சேவ் பண்ணட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது, வேண்டாம் என்று தட்டினார். மூக்கை உறிஞ்சினார்.

"போட்டோ ஐடி கேப்பாங்களாமே," என்றார். "என்ன கொண்டு போகப் போற?"

"இதான்பா. இது போதுமாம்."

தன் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறந்த இடம் நாகர்கோவில் என்று அதில் இருக்கும். இந்தியாவில் பிறந்தவர்கள் என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்த நாட்டில் கிரீன் கார்டுக்கு எங்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். வியாழக்கிழமை காலையில் லீட்ஸில் அதைக் காட்டினால் அவளுக்கு ஓட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள்.